தூரத்துத் தோழி அனுப்பிய கத்திகள்

சமையலறைக் கருவிகள் பற்றிய இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். இம்முறை ஒரு வாசகி பல பக்கங்கள் எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தை இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். பதிலைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானியக் கத்திகள் குறித்து மற்றவர்கள் கேட்டிருந்ததையும் இதன் கீழேயே சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வேலை நிமித்தம் பல ஆண்டுகளுக்கு முன் பழக்கமான ஜப்பானியத் தோழி ஒருவர் ஒசாகாவை அடுத்த சகாய் நகரில் வசிக்கிறார். எப்போதாவது ஒரு கடிதம், புத்தாண்டு வாழ்த்து, அவ்வளவுதான் எங்கள் தொடர்பு. அண்மையில் இந்தப் பக்கம் பயணம் வந்த ஒருவரிடம் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே இரண்டு கத்திகள். ஒன்று குட்டை, அகலம், முதுகு நன்றாகத் தடித்திருக்கிறது. மற்றொன்று ஒடுங்கி நீண்டிருக்கிறது. இரண்டுக்கும் வெளிர்நிற மரப்பிடி, பிடியின் கழுத்தில் கறுப்பு வளையம், அலகில் சில ஜப்பானிய எழுத்துகள். ஒரு பக்கம்தான் சரிவாக இருக்கிறது, மறுபக்கம் தட்டை. கத்தியைப் பரிசாக வாங்கினால் நட்பு அறுந்துவிடும் என்று மாமியார் கலங்குகிறார். இவ்வளவு அழகான பொருளைச் சமையலறையில் போட்டுப் பாழாக்காதே, கண்ணாடி அலமாரியில் வை என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்? அலகில் உள்ள எழுத்துகள் என்ன? பதில் பரிசாக என்ன அனுப்பலாம்?

பதில்: எடுத்துப் பயன்படுத்துங்கள், சகோதரி. கண்ணாடி அலமாரி வேண்டாம்.

முதலில் உங்கள் மாமியாரின் கலக்கம். அதை நான் புறந்தள்ள மாட்டேன். கூரான பொருளைக் கொடுத்தால் உறவு அறுபடும் என்ற அச்சம் உலகின் பல பகுதிகளில் உண்டு. ஐரோப்பாவின் பல நாடுகளில் கத்தியைப் பெற்றவர் கொடுத்தவருக்கு ஒரு சிறு நாணயத்தைத் திருப்பிக் கொடுப்பார். அப்படிச் செய்தால் அது விலை கொடுத்து வாங்கிய பொருளாகிவிடும், நட்புக்குப் பங்கம் வராது என்பது அங்கே நம்பிக்கை. ஜப்பானிலேயே திருமணத்துக்குக் கத்தி கொடுக்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்காலத்துக்கு வழி திறந்துவிடும் பொருள் என்று சொல்லி, புதுக்குடித்தனம் போகிறவர்களுக்கும் புதுக்கடை திறக்கிறவர்களுக்கும் மகிழ்ச்சியோடு கத்தி கொடுப்பவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். உங்கள் தோழி இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது. மாமியாரின் மனம் ஆற வேண்டுமென்றால், அங்கே போகிற யாரிடமாவது ஒரு நாணயத்தைக் கொடுத்தனுப்புங்கள். பெரியவர்களின் நிம்மதிக்கு அது மிகச் சிறிய செலவு.

உங்கள் தோழி ஏன் கத்தியைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அவர் ஊரே விடை சொல்லும். சகாயில் தைசென் என்ற பழைய அரச கல்லறை மேடு ஒன்று இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, நீளம் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கல்லறைத் தொகுதியில் அதுதான் மிகப் பெரியது. அத்தனை மண்ணை வெட்டி அள்ளக் கருவிகள் வேண்டும். அவற்றைச் செய்து கொடுக்கத் திரண்ட கொல்லர்களே தங்கள் முன்னோடிகள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியே புகையிலை ஜப்பானுக்கு வந்தது. இலையை நூல்போல் அரிய நல்ல கத்தி தேவைப்பட்டது. சகாய்க் கொல்லர்கள் செய்த புகையிலைக் கத்தி அவ்வளவு தரமாக இருந்ததால், பின்னர் ஜப்பானை ஆண்ட தொகுகவா ஆட்சி அதற்குத் தனி முத்திரை அளித்தது. ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது. 1876இல், தொகுகவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தபோது, பல ஊர்களில் வாள் செய்துகொண்டிருந்தவர்கள் பிழைப்புக்காகச் சமையல் கத்திக்கும் அரிவாளுக்கும் மாறினார்கள். சகாயின் கத்தித் தொழிலுக்கு 1982இல் ஜப்பானிய அரசு மரபுக் கைவினை என்ற தகுதியை வழங்கியது. அந்த ஊரில் வாழும் ஒருவர் தூரத்தில் இருக்கும் தோழிக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால், தம் ஊர் மிகச் சிறப்பாகச் செய்வதைத்தானே கொடுப்பார்?

அலகில் உள்ள எழுத்துகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது கத்தியை விற்ற நிறுவனத்தின் முத்திரைப் பெயராக இருக்கும். சகாயில் ஒரு கத்தி ஒரே ஆளின் கையில் உருவாவதில்லை. அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி பொருத்துபவர் ஒருவர். இவர்களை இணைத்து வேலை வாங்கும் மொத்த வணிகரின் பெயரே வழக்கமாக அலகில் ஏறும். வாங்குபவரின் பெயரைப் பொறித்துக் கொடுக்கிற கடைகளும் உண்டு. ஆகையால் அந்த எழுத்துகளில் உங்கள் பெயரும் இருக்கலாம். தோழியிடம் கேட்டுப் பாருங்கள்.

அடிப்பவர் மிருதுவான இரும்புப் பட்டை ஒன்றைக் காய்ச்சி, அதன் மேல் வெண்காரமும் இரும்புத்தூளும் கலந்த பொடியைத் தூவி, கடினமான எஃகுத் துண்டை வைத்து, மீண்டும் உலையிலிட்டுச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைப்பார். இரும்பு கத்திக்கு முதுகு. எஃகு அதன் வாய். வெறும் எஃகாலேயே செய்தால் தீட்டுவது கடினம், எளிதில் முறியும். வெறும் இரும்பு கூரே நிற்காது. உருவம் வந்ததும் களிமண் குழம்பைப் பூசிக் காயவைத்து, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் நீரில் தோய்ப்பார்கள். பிறகு 180 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். தோய்த்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையுடையது. இந்த இளஞ்சூடுதான் அதற்கு உறுதி கொடுக்கிறது. எஃகு பெரும்பாலும் ஷிமானே மாவட்டத்தின் யசுகியிலிருந்து வருகிறது. ஷிரோகாமி, ஆவோகாமி என்று அதில் இரண்டு வகைகளைக் கடைகளில் சொல்வார்கள். முன்னது ஏறக்குறைய கரிமமும் இரும்பும் மட்டும் கொண்ட தூய எஃகு, தீட்ட எளிது. பின்னதில் குரோமியமும் டங்ஸ்டனும் சிறிதளவு சேர்ந்திருக்கும். கூர் கூடுதல் நாள் நிற்கும். இரண்டும் துருப்பிடிக்கும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எவர்சில்வர் கத்தியோடு பழகிய கை இதை மறந்துவிடும்.

சகாயில் ஒரு தீட்டுநரின் பட்டறையில் நின்று வேலையைப் பார்த்திருக்கிறேன். கத்தியை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, நீர் சொட்டச் சுழலும் பெரிய கல்சக்கரத்தின் மேல் உடம்பின் எடையைச் சாய்த்து அழுத்துவார். சுவர், ஜன்னல், அவர் முழங்கை எங்கும் சாம்பல் நிறச் சேறு. சற்றைக்கொருமுறை கத்தியை எடுத்துக் கண்ணுக்கு நேரே நீட்டி வெளிச்சத்தில் பார்ப்பார். வளைவு தெரிந்தால் மரக்கட்டையில் வைத்துத் தட்டி நிமிர்த்துவார். மறுபடி சக்கரம், மறுபடி வெளிச்சம். ஒரு கத்திக்கே இதைத் திரும்பத் திரும்பச் செய்தார். முடித்துக் கீழே வைத்த கத்தியை எடுத்து நான் விரலருகே கொண்டுபோனபோது அவர் சொன்னது மனத்தில் நிற்கிறது: கடைசித் தீட்டல் தம்முடையது அல்ல, சமைப்பவருடையது. அது அடக்கத்துக்காகச் சொன்ன பேச்சில்லை. ஒரு பக்கச் சரிவுள்ள மரபுக் கத்திகளை ஓரளவு கூரோடு மட்டும் அனுப்பி, தம் கைக்கும் வேலைக்கும் ஏற்ப நுண்ணிய கூரை ஏற்றிக்கொள்வதைச் சமையல்காரரிடமே விட்டுவிடுவது அங்கே வழக்கம்.

உங்கள் கணவருக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். அலமாரிக்குள் போனால் அந்தக் கத்தி அரைகுறையாகவே நின்றுவிடும். மூன்று பேர் செய்து பாக்கி வைத்த வேலையை நான்காவதாக நீங்கள் செய்ய வேண்டும். தோழி அனுப்பியிருப்பது கத்திகளை மட்டுமல்ல, கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலையையும்தான்.

இனி அந்த இரண்டு கத்திகள். குட்டையானது தேபா. மீனின் தலையை வெட்டவும், முள்ளிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கவும் செய்யப்பட்டது. முதுகின் தடிப்பும் எடையும் அதற்காகத்தான். பின்பகுதியால் மீன்தலையை அழுத்திப் பிளக்கலாம். முன்பகுதியால் முள்ளோரம் நெருங்கி அறுக்கலாம். ஆட்டெலும்பு, கோழித்தொடை எலும்பு, உறைந்து கல்லாய்ப் போன இறைச்சி எதிலும் வைக்காதீர்கள். வாய் சில்லுச் சில்லாக உதிரும். நீளமானது யானகிபா. சமைக்காத மீனைத் துண்டம் போடும் கத்தி. 24 சென்டிமீட்டரிலிருந்து 30க்கு மேலும் நீளம் வைத்துச் செய்வார்கள். அவ்வளவு நீளம் எதற்கென்றால், அடிமுனையில் தொடங்கி நுனிவரை ஒரே இழுப்பில் அறுத்து முடிப்பதற்கு. முன்னும் பின்னும் ரம்பம்போல் அசைத்தால் துண்டின் முகம் கிழிந்து மங்கிவிடும். ஒரே இழுப்பில் அறுத்த துண்டு பளபளக்கும், நாக்கில் வழுவழுவென்று இருக்கும். மீன் இல்லாத நாளில் எலும்பில்லாத எந்த மென்மையான பொருளையும் மெல்லிய வில்லைகளாக்க அதைப் பயன்படுத்தலாம்.

தட்டை என்று நீங்கள் எழுதிய பக்கத்தை ஒரு நேரான அளவுகோலை வைத்துப் பாருங்கள். நடுவில் மிகச் சிறிய குழிவு தெரியும். அறுத்த துண்டு கத்தியில் ஒட்டாமல் விலகுவதற்கும், பின்பக்கத்தைக் கல்லில் வைக்கும்போது ஓரங்கள் மட்டும் படுவதற்கும் அந்தக் குழிவு வேண்டும். இந்தக் கத்தியில் மிக அருமையான வேலைப்பாடு அதுதான் என்பேன். அதைக் கெடுத்துவிட்டால் மீட்பது பெரும்பாடு.

முதல் நாள் இளஞ்சூட்டு நீரும் சோப்பும் கொண்டு கழுவுங்கள். துருவைத் தடுக்கப் பூசிய எண்ணெய் போகும். வெட்டும் பலகை மரமாக இருக்கட்டும். கண்ணாடி, கல், பீங்கான் எதன் மேலும் இந்த வாய் படக்கூடாது. இந்த எஃகின் கடினம் ராக்வெல் அளவில் பெரும்பாலும் 60க்கு மேல் இருக்கும். வழக்கமான ஐரோப்பியச் சமையல் கத்திகள் 55 முதல் 58க்குள் நிற்கும். கடினம் கூடக்கூட எஃகு வளைந்து கொடுக்காது, உதிரும். ஆகவே கத்தியைப் பொருளுக்குள் செலுத்திப் பக்கவாட்டில் திருகாதீர்கள். நறுக்கியதைப் பலகையிலிருந்து வாயால் வழித்துத் தள்ளாதீர்கள், முதுகால் தள்ளுங்கள்.

வேலை நடக்கும்போதே அருகில் ஈரத்துணி ஒன்றை வைத்துக்கொண்டு அடிக்கடி துடையுங்கள். எலுமிச்சை, வெங்காயம், தக்காளி நறுக்கினால் உடனே துடையுங்கள். முடிந்ததும் கழுவி, கடைசியாகக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அலகில் ஏறிய சூடு மிச்ச ஈரத்தை உலர்த்திவிடும். பிடிக்குள் அலகு நுழையும் இடத்தை மறக்க வேண்டாம். துரு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்து தொடங்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இதை ஒருநாளும் போடாதீர்கள். சில வாரங்கள் எடுக்கப் போவதில்லை என்றால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். ஜப்பானில் கமேலியா விதை எண்ணெய் பூசுவார்கள். கிடைக்காவிட்டால் உணவுப் பொருளில் படத் தகுந்த மினரல் ஆயில் போதும். எண்ணெய் பூசிப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் அங்கே பலர் செய்வது. ஈரம் இருக்கும்போது மர உறைக்குள் நுழைக்காதீர்கள்.

பிடி ஹோ என்ற மரத்தாலானது, மக்னோலியா இனம். கனமில்லாதது, ஈரக்கையிலும் வழுக்காது. கறுப்பு வளையம் பெரும்பாலும் எருமைக்கொம்பு. பிடி கறுத்துப் போனாலோ விரிசல் விட்டாலோ பதற வேண்டாம். பழைய பிடியைக் கழற்றி, அலகின் வாலைச் சூடாக்கிப் புதுப்பிடிக்குள் இறக்கிவிடுவார்கள். அலகு ஒன்றே, பிடி மாறிக்கொண்டிருக்கும்.

இப்போது தீட்டுவது. இதைப் படித்து அஞ்சாதீர்கள். பொறுமையுள்ள எந்தக் கைக்கும் இது வரும். முதலில் 1000 எண்ணுள்ள நீர்க்கல் ஒன்று வாங்குங்கள். நீர் விட்டுத் தீட்டும் கல் அது, எண் கூடக்கூடக் கல் நுண்மையாக இருக்கும். பின்னர் 3000 முதல் 6000க்குள் ஒரு மெருகுக்கல். 400க்குக் கீழே உள்ள கரடுமுரடான கல் சில்லு விழுந்தால் மட்டும்தான் தேவை. ஊறவைக்க வேண்டிய வகைக் கல்லானால், நீரில் போட்டுக் குமிழி நிற்கும்வரை விடுங்கள். சில கற்களுக்கு மேலே நீர் தெளித்தாலே போதும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லை ஈரத்துணியின் மேல் வைத்தால் நகராது.

சரிவுள்ள பக்கத்தில், அலகின் நடுவே ஒரு கோடு ஓடுவதைப் பார்ப்பீர்கள். அந்தக் கோட்டிலிருந்து வாய்வரை உள்ள அகன்ற சரிவு முழுவதும் கல்லில் படியும்படி கத்தியைப் படுக்க வையுங்கள். கோணத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தீட்டுநர் ஏற்கெனவே அலகில் அமைத்துக் கொடுத்துவிட்டார். ஒரு கையால் பிடியைப் பற்றி, மறுகையின் இரண்டு மூன்று விரல்களை வாயருகே வைத்து மெல்ல அழுத்தி, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். விரல்கள் எங்கே அழுத்துகின்றனவோ அங்கேதான் தேயும். நுனியில் தொடங்கி அடிவரை சிறிது சிறிதாக நகருங்கள். கல்லின் மேல் சேறு சேரும். அதைக் கழுவிவிடாதீர்கள், வேலை செய்வதில் பாதி அதுதான். சிறிது நேரத்தில் பின்பக்கத்தில் விரலை வாயிலிருந்து விலகும் திசையில் மெல்லத் தடவினால் நுண்ணிய பிசிறு தட்டுப்படும். நுனி முதல் அடிவரை விடாமல் பிசிறு தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது.

பிறகு மெருகுக்கல்லில் பின்பக்கத்தை முழுக்கத் தட்டையாக வைத்து, இரண்டு மூன்று முறை இலேசாக நகர்த்திப் பிசிறை எடுங்கள். இங்கே ஒரு மயிரளவுகூட முதுகைத் தூக்கக்கூடாது. பின்பக்கத்தை நிமிர்த்தித் தீட்டிவிட்டால் அந்தத் தீட்டுநர் செய்ததெல்லாம் வீண். சரிவுப்பக்கத்தையும் மெருகுக்கல்லில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். தேபாவுக்கு மட்டும் வாயின் விளிம்பில் சற்று உயர்ந்த கோணத்தில் சில இழுப்புகள் கூடுதலாகக் கொடுங்கள். எலும்பருகே போகிற கத்திக்கு விளிம்பு கொஞ்சம் தடித்திருந்தால் நல்லது. கல் நடுவில் குழிந்துபோனால் அதையும் சமன் செய்ய வேண்டும். குழிந்த கல்லில் நேரான வாய் வராது.

கூர் மழுங்கியதும் வேகமாகச் சுழலும் உலர்சாணையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் இல்லாமல் வேகமாகத் தேய்க்கும்போது விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால், அங்கே பதம் போய்விட்டது என்று பொருள். இனி அந்த இடத்தில் கூர் நிற்காது. இடுக்கில் விட்டு இழுக்கும் கருவிகள் இரண்டு பக்கமும் கூர் வைப்பதற்கானவை. ஒரு பக்கக் கத்தியின் பின்பக்கத்தை ஒரே நாளில் அழித்துவிடும். எஃகுக்கோலில் உரசுவதும் இவ்வளவு கடினமான வாய்க்கு ஆகாது.

பதில் பரிசு என்ன அனுப்புவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஜப்பானில் சில தருணங்களில் பெற்ற பரிசின் மதிப்பில் ஏறக்குறைய பாதிக்கு ஒன்றைத் திருப்பி அனுப்பும் பழக்கம் உண்டு. ஆனால் தோழிகளுக்கிடையே அந்தக் கணக்கு வேண்டியதில்லை. முதல் கடிதத்தை உடனே எழுதுங்கள். சில மாதங்கள் கழித்து இன்னொன்று எழுதுங்கள்: கத்தியால் என்ன வெட்டினீர்கள், தீட்டக் கற்றுக்கொண்டீர்களா, சரிவில் என்ன நிறம் ஏறியிருக்கிறது என்று. புகைப்படம் எடுத்தால் கைபட்ட கத்தியை எடுங்கள், பெட்டிக்குள் மின்னும் கத்தியை வேண்டாம். இரண்டாவது கடிதம்தான் அவருக்கு அதிக மகிழ்ச்சி தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: எனக்கும் இப்படி ஒரு தேபா பரிசாக வந்தது. எங்கள் வீட்டில் மீனும் இறைச்சியும் சமைப்பதில்லை. காய் நறுக்கினால் வில்லைகள் பிளந்து போகின்றன.

பதில்: கத்தியின் மீது பிழையில்லை. தேபாவின் தடித்த உடல் ஆப்புபோல் இறங்கிக் காயைப் பிளக்கும். கேரட்டைப் போன்ற கெட்டியான காய்களில் இன்னும் மோசம். கீரை, கொத்துமல்லி அரிவதற்கு ஓரளவு உதவும், அவ்வளவுதான். உங்கள் சமையல் அனுப்பியவருக்குத் தெரிந்திருக்காது. மறைக்காமல் எழுதிவிடுங்கள், வருத்தப்பட ஏதுமில்லை. அவர் சம்மதித்தால் மீன் சமைக்கிற நண்பருக்குக் கொடுங்கள். உங்களுக்கு ஏற்ற ஜப்பானியக் கத்தி நகிரி. நீள்சதுர அலகு, மெல்லிய உடல், இரண்டு பக்கமும் சரிவு, காய்கறிக்கென்றே பிறந்தது. உசுபாவும் காய்க்கத்திதான். ஆனால் அதற்கு ஒரு பக்கச் சரிவு. முள்ளங்கியைச் சுருள் பிரித்ததுபோல் ஒரே தாளாகச் சீவும் தொழில்முறைச் சமையல்காரர்களுக்கானது. பழகக் காலம் பிடிக்கும்.

கேள்வி: நான் இடக்கைக்காரன். நண்பர் தந்த யானகிபாவால் நேராக வெட்டவே முடியவில்லை. பழகினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. உங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். வலக்கைக் கத்தியில் சரிவு வலப்பக்கம் இருக்கும். இடக்கையில் பிடித்தால் வெட்டு வளைந்துகொண்டே போகும். பிடியும் வலக்கைக்கென ஒரு பக்கம் புடைத்திருக்கலாம். இடக்கைக்காரர்களுக்கென்று அப்படியே மாற்றிச் செய்வார்கள். சொல்லி வைத்துச் செய்யவேண்டி வருவதால் விலை கூடும். ஒன்றை மற்றொன்றாகத் தீட்டி மாற்ற முடியாது. சாந்தோகு, கியூதோ என்ற பொதுச் சமையல் கத்திகளுக்கு இரண்டு பக்கமும் சரிவு, அவற்றில் ஒன்று உங்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். யானகிபாவை வீட்டில் வலக்கைக்காரர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: பயன்படுத்தத் தொடங்கிய சில நாளிலேயே அலகில் நீலமும் கறுப்புமாகத் திட்டுகள். துருவா?

பதில்: பழுப்பாகவோ சிவப்பாகவோ இருந்து, துணியால் துடைத்தால் பொடியாக ஒட்டிக்கொண்டால் துரு. சமையல் சோடாவைக் குழைத்துத் தக்கையால் தேய்த்து உடனே எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் குழி விழும். வழவழப்பாக, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், துடைத்தாலும் போகாமல் இருந்தால் அது உணவுப் புளிப்பு எஃகோடு சேர்ந்து உண்டாக்கிய படலம். அது செந்துருவைத் தடுக்க ஓரளவு உதவும். விட்டுவிடுங்கள். எனக்கு அந்த நிறம் மிகவும் பிடிக்கும்.

கேள்வி: நுனி ஒடிந்துவிட்டது. தூக்கிப் போடவேண்டியதுதானா?

பதில்: இல்லவே இல்லை. ஓரிரு மில்லிமீட்டர் ஒடிந்திருந்தால் கரடுமுரடான கல்லில் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்துப் புதுநுனி கொண்டுவரலாம். வாய்ப்பக்கத்திலிருந்து தேய்த்தால் கத்தியின் வடிவமே கெடும். பெரிய முறிவென்றால், இவ்வகைக் கத்திகளைத் தெரிந்த தீட்டுநரிடம் கொடுங்கள். தீட்டித் தீட்டி அகலம் குறைந்து, எஃகே தீர்ந்துபோன கத்திக்கும் ஜப்பானில் மரியாதை உண்டு. கிஃபு மாவட்டத்தின் சேகி நகரம் பழைய கத்தித் தலைநகரங்களில் ஒன்று. அங்கே நவம்பர் 8 அன்று, உழைத்து ஓய்ந்த கத்திகளைச் சேகரித்து வைத்து நன்றி சொல்லி வழிபாடு நடத்துகிறார்கள்.

கேள்வி: ஜப்பான் போகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்கு நானும் ஒரு கத்தி வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கடைக்குள் நுழையும் முன் நண்பரிடம் எந்தக் கையால் வெட்டுவார், என்ன சமைப்பார், கழுவியதும் துடைத்து வைக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்பதற்காக இதைத் தவிர்க்காதீர்கள். துடைக்கும் பழக்கம் இல்லாதவருக்கு வாய் மட்டும் எஃகாகவும் பக்கங்கள் துருப்பிடிக்காத உலோகமாகவும் உள்ள கத்தி நல்லது. முதல் கத்தியாக 16 முதல் 18 சென்டிமீட்டர் சாந்தோகு யாருக்கும் ஒத்துவரும். கத்தியோடு 1000 எண் நீர்க்கல் ஒன்றையும் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள். அலங்காரப் பெட்டிக்குச் செலவழிப்பதைக் கல்லுக்குச் செலவழியுங்கள். கடையின் முகவரி அட்டையையும் உள்ளே வையுங்கள். பிடி மாற்றவேண்டி வந்தால் எந்த அளவு என்று கேட்க அது உதவும். ஜப்பானில் 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைத் தக்க காரணமின்றிக் கொண்டு திரிவது குற்றம். ஆகவே கடையில் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமல், ரசீதோடு தங்குமிடம் கொண்டுபோங்கள். விமானத்தில் சரக்குப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். நுனிக்குத் தடித்த அட்டை வைத்துச் சுற்றி, துணிகளின் நடுவே வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள்.